ஜாம் பாட்டில் கொடுத்தால் சினிமா

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவுக்கு வந்த புதிதில் என்னைப் படுத்தியது குளிரைவிட இந்த ஊர்ப் பேச்சுதான். இங்கிலீஷ் மீடியத்தில் படித்து, சென்னையில் ஐடி வேலையில் வருடக்கணக்காக வெள்ளைக்காரர்களோடு போனில் மல்லுக்கட்டியவள் நான். இங்கே பஸ் டிரைவர் என்ன கேட்கிறார் என்று புரியாமல் சில்லறையை அப்படியே உள்ளங்கையில் நீட்டிக்கொண்டு நின்றேன். டிசம்பரில் மணி நாலு ஆவதற்குள் இருட்டிவிடும். வீட்டுக்காரர் வேலை முடிந்து வர ஏழாகும். அதுவரை யாரிடம் பேசுவது?

ஒரு தமிழ்ப் படம் ரிலீஸ் ஆயிற்று என்று இருவரும் ஒரு மல்டிபிளெக்ஸுக்குப் போனோம். ஹீரோ முகம் தெரிந்ததும் பின்வரிசைப் பையன்கள் விசிலடித்தார்கள். உடனே ஊழியர் டார்ச்சோடு வந்து ஏதோ சொன்னார். அதன் பிறகு பாப்கார்னைக்கூட எல்லோரும் சத்தமில்லாமல் மென்றோம். இடைவேளையும் கிடையாது. துக்க வீட்டுக்குப் போய்வந்த மாதிரி வீடு திரும்பினோம்.

இந்தக் கதையை மேல்மாடிப் பாட்டியிடம் சொன்னேன். எண்பத்தைந்து வயதுக்கு மேல். படியில் காய்கறிப் பையைத் தூக்கிக் கொடுக்கப் போய்ப் பழக்கமானவர். எனக்குப் புரியும்வரை அலுக்காமல் திரும்பத் திரும்பச் சொல்கிற ஒரே கிளாஸ்கோக்காரர் அவர்தான். விழுந்து விழுந்து சிரித்தார். "எங்கம்மா காலத்துக் கொட்டகையைப் பார்த்திருந்தால் அந்தப் பையன் டார்ச்சைப் போட்டுவிட்டு ஓடியிருப்பான்" என்றார்.

அவருடைய அம்மா 1920களில் சிறுமி. அந்த அம்மாவின் அம்மா, ஹைலண்ட்ஸ் மலைப்பக்கத்திலிருந்து பிழைப்புக்காகக் கிளாஸ்கோ வந்தவர். அவருக்குத் தெரிந்தது அந்தப் பக்கத்துப் பழைய மொழியான கேலிக் மட்டும். இங்கிலீஷ் எழுத்து ஒன்றும் தெரியாது. ஆனால் வாரம் தவறாமல் சினிமாவுக்குப் போவார், மகளை அழைத்துக்கொண்டு. அப்போதெல்லாம் மௌனப்படம்தான்; திரையில் வசனம் எழுதிய அட்டை வந்ததும் மகள் படித்துக் கேலிக்கில் காதோடு சொல்ல வேண்டும். கொட்டகை முழுக்க இதே வேலைதான்: படிக்கத் தெரிந்த பிள்ளைகள் எல்லாம் தெரியாத பெரியவர்களுக்கு வாசித்துக் காட்டும். ஒவ்வொரு அட்டைக்கும் வாய்ப்பாடு ஒப்பிக்கிற மூன்றாம் வகுப்பு மாதிரி ஒரு இரைச்சல் எழுந்து அடங்குமாம். மௌனப்படம் என்ற பெயரில் அத்தனை சத்தம்.

பாட்டி சொன்னதில் பாதிக்கு மேல் நம் ஊர் டூரிங் கொட்டகைதான். முன்வரிசை மரபெஞ்சில் பிள்ளைகளை நெருக்கி உட்காரச் சொல்லி ஆள் தள்ளிக்கொண்டே வருவான். கடைசியில் இருப்பது தரையில் விழும். ஆரஞ்சுத் தோலும் வேர்க்கடலைத் தொலியும் காலடியில் குவியும். நடுவே ஒருவர் பம்பு வைத்துக் கூட்டத்தின் தலைமேல் வாசனை மருந்து பீய்ச்சிக்கொண்டு போவார். மூட்டைப்பூச்சியும் உண்டு. காட்சிகள் தொடர்ச்சியாக ஓடுவதால் பாதிப் படத்தில் நுழைந்து, அடுத்த சுற்றில் அதே இடம் வந்ததும் எழுந்து போவார்கள். டைட்டில் தப்பினால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும் என் வீட்டுக்காரருக்கு இதை மட்டும் ஜீரணிக்க முடியவில்லை.

பாட்டி பேச்சைக் கேட்டுத்தான் ட்ரோன்கேட் தெருவிலுள்ள பிரிட்டானியா பனாப்டிகானுக்குப் போனேன். 1857இல் கட்டிய மியூசிக் ஹால், அதாவது பாட்டும் நகைச்சுவையும் நடக்கும் மேடை அரங்கம். 1896இலேயே படம் காட்டியிருக்கிறார்கள். லாரல்-ஹார்டி ஜோடியில் ஒல்லியான ஸ்டான் லாரல் 1906இல், பதினாறு வயதில், முதலில் மேடை ஏறியது இங்கேதான். அந்தக் காலத்தில் இதை நடத்திய பிக்கார்ட் என்பவர் கீழ்த்தளத்தில் மிருகக்காட்சிசாலையே வைத்திருந்தாராம். 1938இல் மூடி, பொய்க்கூரை போட்டு அடைத்ததில் மேல்பகுதி அப்படியே தங்கிவிட்டது. இப்போது தன்னார்வலர்கள் பராமரிக்கிறார்கள். அவ்வப்போது பியானோவோடு மௌனப்படமும் உண்டு. ஹீட்டர் கிடையாது; இரண்டு ஸ்வெட்டருக்கு மேல் கோட்டும் போட்டுக்கொண்டு போங்கள்.

நான் போனபோது, தரைப்பலகைக்கு அடியில் கிடைத்த பொருட்களைக் காட்டினார்கள். சிகரெட் பெட்டி, டிக்கெட், அப்புறம் ஏராளமான கால்சட்டைப் பொத்தான்கள். கப்பல் பட்டறைத் தொழிலாளிகள் நடிப்பு பிடிக்காவிட்டால் மேடையை நோக்கி இரும்பு ரிவெட்டை எறிவார்கள் என்று ஒரு கதையும் சொன்னார்கள். விசிலுக்கு டார்ச் அடித்த தம்பியை நினைத்துக்கொண்டேன்.

கொஞ்ச காலத்தில் எல்லாம் பெரிதாகிவிட்டது. 1927இல் ரென்ஃபீல்ட் தெருவில் திறந்த கிரீன்ஸ் ப்ளேஹவுஸில் 4,000 பேருக்கு மேல் உட்காரலாம். அன்றைக்கு ஐரோப்பாவிலேயே பெரிய சினிமா. அதை இடித்த இடத்தில் இப்போது வானத்தை முட்டும் இன்னொரு மல்டிபிளெக்ஸ் நிற்கிறது.

பேஸ்லி பற்றி மட்டும் பாட்டி சிரிக்காமல் சொன்னார். கிளாஸ்கோவுக்கு மேற்கே, ரயிலில் கால் மணிகூட ஆகாது. 1929 டிசம்பர் 31, வருடக் கடைசி நாள், கிளென் சினிமாவில் குழந்தைகளுக்கான மத்தியானக் காட்சி. ஃபிலிம் டப்பா ஒன்று புகைய ஆரம்பித்தது. அந்தக் கால நைட்ரேட் ஃபிலிம் சட்டென்று பற்றிக்கொள்ளும் சரக்கு. கரும்புகை அரங்குக்குள் வந்ததும் பிள்ளைகள் வெளிவாசலுக்கு ஓடினார்கள். அங்கே கம்பிக் கதவு மூடிக் கிடந்தது. 71 பிள்ளைகள் நெரிசலிலும் மூச்சுத் திணறியும் செத்துப்போனார்கள். தீயில் ஒருவரும் சாகவில்லை. அதன் பிறகுதான் சட்டத்தை இறுக்கினார்கள். தள்ளினால் வெளிப்பக்கம் திறக்கும், குறுக்குக் கம்பி வைத்த கதவை இங்கே எந்தத் தியேட்டரில் பார்த்தாலும் எனக்கு அந்தப் பிள்ளைகள் ஞாபகம்தான். 2004இல் கும்பகோணத்தைப் பார்த்த நமக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

அதே 1929 ஜனவரியில்தான் கிளாஸ்கோவில், எக்லிண்டன் தெருக் கொலிசியம் தியேட்டரில் பேசும்படம் வந்தது. அதன் பிறகு தியேட்டர் தியேட்டராக வாத்தியக்காரர்களுக்கு வேலை போயிற்று. வசனம் வாசித்த பிள்ளைகளுக்கும்தான்.

மார்ச் மாதம் பாட்டியைக் காரில் போனெஸுக்கு அழைத்துப் போனோம். ஃபோர்த் கழிமுகத்தை ஒட்டிய சின்ன ஊர். அங்குள்ள ஹிப்போட்ரோம் 1912இல் திறந்தது. சினிமாவுக்கென்றே கட்டியவற்றில் ஸ்காட்லாந்தில் இன்று இருப்பதிலேயே பழையது. மேத்யூ ஸ்டீல் என்ற உள்ளூர்க் கட்டடக் கலைஞர் வட்டமாகக் கட்டியிருக்கிறார். முதலாளி லூயி டிக்சன் தாமே கேமராவைத் தூக்கிக்கொண்டு ஊர்த் திருவிழாவை எடுத்து, ஊராருக்கே போட்டுக் காட்டியவர். திரையில் தன் முகத்தைத் தேட எத்தனை பேர் டிக்கெட் வாங்கியிருப்பார்கள்! கெட்டிக்கார மனுஷன். நடுவில் பிங்கோ விளையாட்டுக் கூடமாகி, பூட்டிக் கிடந்து, 2009இல் மறுபடி திறந்தது. 2011 முதல் மௌனப்பட விழா நடக்கிறது.

விழாவில் ஒரு காட்சிக்கு மூடியோடு கழுவிய ஜாம் பாட்டில் கொண்டுபோனால் ஒரு டிக்கெட்டுக்கு இரண்டு பேர் போகலாம். அந்தக் காலத்தில் காலி பாட்டிலைக் கடையில் திருப்பினால் காசு கிடைக்கும் என்பதால், காசில்லாத பிள்ளைகளிடம் கொட்டகைக்காரர்கள் பாட்டிலையே வாங்கிக்கொண்டார்கள். பாட்டி மார்மலேட் பாட்டில் எடுத்து வந்தார். என் வீட்டில் ஏது ஜாம்? ஆவக்காய் பாட்டிலைச் சோப்பு, வினிகர், வெந்நீர் எல்லாம் போட்டுக் கழுவி எடுத்துப் போனேன். வாசலில் நின்ற பெண் மூடியைத் திறந்து முகர்ந்து, ஒரு கணம் கண்ணை மூடி, என்ன ஜாம் என்று கேட்டார். மாங்காய் என்றேன். பொய்யில்லையே.

லாரல்-ஹார்டி குறும்படம். பியானோக்காரர் திரையைப் பார்த்தபடியே வாசித்தார். லாரல் தலையைச் சொறிந்துகொண்டு விழித்ததும், எனக்கு முன்னால் இருந்த முரட்டு ஆள் தொடையில் தட்டிச் சிரித்தார். நானும் அதே நொடியில் சிரித்தேன். யாரும் எதையும் எனக்குத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

திரும்பி வரும்போது பாட்டி எங்கள் ஊர்க் கதையைக் கேட்டார். திருச்சி ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டர் வாங்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் படம் காட்டியதைச் சொன்னேன். திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கதையை விளக்குவார், அட்டையைச் சத்தமாக வாசிப்பார் என்றும் சொன்னேன்.

"அதற்குச் சம்பளம் உண்டா?" என்று கேட்டார் பாட்டி.

உண்டு என்றேன்.

"எங்கம்மா சும்மா செய்தாளே" என்றார்.