மொரிஸ் மைனரின் ஏழு சிலிண்டர்கள்

2022இல் பெற்றோல் வரிசைக் காலத்தில் கொட்டிலில் ஏற்றிய அப்பாவின் மொரிஸ் மைனர், வரிசையெல்லாம் முடிந்த பிறகும் அங்கேயே கிடந்தது. எங்கள் வீடு மட்டக்களப்புக் கல்லடியில். ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல். இந்த உப்புக் காற்றில் கேற்றுப் பூட்டே வருடத்துக்கு ஒன்று மாற்ற வேண்டும். ஓடாமல் நிற்கும் காரைப் பற்றிச் சொல்லவா வேண்டும்?

போன வருடம் பற்றரி மாற்றி, காபரேற்றரைக் கழுவி, ஒருவழியாக இஞ்சினை எழுப்பிவிட்டேன். கியரைப் போட்டு முற்றத்தில் இரண்டு முழம் உருட்டிப் பிரேக்கை மிதித்தால் பெடல் நேராகத் தரைக்குப் போனது. மாமரம்தான் நிறுத்தியது.

மைனரில் பிரேக் ஒரே சுற்று. இந்தக் காலக் கார்களைப் போல முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என்று பிரித்திருக்காது. ஓரிடத்தில் ஒழுகினால் நான்கு சில்லுக்கும் பிரேக் இல்லை. மிச்சம் இருப்பது கம்பியில் இழுக்கும் கைப் பிரேக் மட்டும். இது தெரிந்திருந்தும் நான் பார்த்த வேலை என்னவென்றால், இடது முன்சில்லில் ஈரம் தெரிந்ததால் அந்தச் சில்லை மட்டும் கழற்றினேன். கப் வாஷர் (சிலிண்டருக்குள் ஒயில் ஒழுகாமல் அடைக்கும் கிண்ண வடிவ ரப்பர்) கிட் ஒன்று வாங்கி, பிரேக் சிலிண்டரைப் பெற்றோலில் கழுவி, புது ரப்பரைப் போட்டுப் பூட்டினேன். பெடல் மேலே வந்தது. எனக்குப் பெரிய சந்தோசம்.

இரண்டு நாள் கழித்துக் கல்லடிப் பாலத்தில் ஏறும்போது கார் இழுக்க மறுத்தது. ஓரமாக நிறுத்தி இறங்கினால் இடது சில்லில் தீய்ந்த மணம். சில்லோடு சுற்றும் பிரேக் டிரம்மில் கை வைக்க முடியவில்லை. பெற்றோல் பட்டு ரப்பர் ஊதி, பிஸ்டன் திரும்பி வராமல் இறுகிவிட்டது. பிரேக் ரப்பருக்குப் பெற்றோல், மண்ணெண்ணெய், இஞ்சின் ஒயில் எதுவும் ஆகாது. ஸ்பிரிட்டில் அல்லது புதுப் பிரேக் ஒயிலில்தான் கழுவ வேண்டும். அப்பாவிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். கேட்கவில்லை.

சில்லைக் கொஞ்சம் ஆறவிட்டு, ஊர்ந்து ஊர்ந்து காத்தான்குடியில் லேத் வைத்திருக்கும் ஒரு காக்காவிடம் (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) போனேன். அவர் அந்தச் சிலிண்டரை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார். பிறகு என் சுண்டுவிரலைப் பிடித்து உள்ளே விட்டு, "தடவிப் பாருங்க தம்பி" என்றார். அம்மைத் தழும்பு மாதிரிக் குழிகள். "புது ரப்பர் போட்டு என்ன வேல? இந்தக் குழிக்குள்ளால ஒயில் வரும். மத்தச் சில்லயும் பாத்தீங்களா?" பார்க்கவில்லை என்றேன். "ஒண்ட மட்டும் செஞ்சா மத்தது கோவிக்கும். கழட்டினா ஏழையும் கழட்டுங்க."

ஏழு என்றது சரியான கணக்கு. மைனரில் முன்சில்லு ஒவ்வொன்றுக்கும் இரண்டு சிலிண்டர், பின்சில்லுக்கு ஒவ்வொன்று, அத்தோடு பெடலை மிதிக்கும்போது ஒயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர். பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். சும்மா நிற்கும் காரில் அந்த நீர் உள்ளேயே தங்கி இரும்பைத் தின்னும். ஒன்றில் குழி விழுந்திருந்தால் மற்றதிலும் விழுந்திருக்கும் என்று யோசிக்க லேத்துக்காரர் தேவையில்லைதான்.

சில்லுச் சிலிண்டர் ஆறும் இரண்டு நாளில் கையில் வந்தன. டிரம்மைப் பிடித்திருக்கும் இரண்டு ஸ்குரூவும் அடி வாங்கித்தான் இளகின. பைப் நட்டுகள் 7/16 அங்குலம். யாரோ முன்பு 12 மில்லிமீற்றர் சாவி போட்டு மூலைகளை மழித்து வைத்திருந்தார்கள். ஒரு நட்டு பைப்போடு சேர்ந்து திருகி முறிந்தது. அதற்குப் புதுப் பைப் வளைக்க வேண்டி வந்தது.

மாஸ்டர் சிலிண்டர் வேறு கதை. அது பொனற்றுக்குள் இல்லை, சாரதியின் காலடியில் சேசிஸுக்குள் ஒளிந்திருக்கிறது. கம்பளத்தைத் தூக்கி, தரைத் தகட்டைக் கழற்றினால்தான் முகம் காட்டும். ஒயில் ஊற்றும் மூடியும் அங்கேதான், அதனால் வருடக்கணக்கில் ஒருவரும் பார்ப்பதில்லை. எங்கள் கம்பளத்துக்கு அடியில் கல்லடிக் கடற்கரை மணல் ஒரு சிரட்டை இருந்தது. மூடியைத் திறக்கும்போது அந்த மணலில் நாலு துகள் உள்ளே விழுந்தால் போதும், புது ரப்பரும் கீறிவிடும். பெயின்ற் பிரஷால் கூட்டி, ஈரத்துணியால் துடைத்த பிறகே திறந்தேன்.

அதைப் பிடித்திருக்கும் இரண்டு நீள போல்டுகளை வெளியே இழுக்க வழியில்லாமல் முன்சில்லுச் சஸ்பென்ஷனின் டோர்ஷன் பார் குறுக்கே நின்றது. அரை நாள் மல்லாந்து கிடந்து திட்டினேன். கடைசியில் பக்கத்து வீட்டுத் தம்பி அலவாங்கு வைத்து அந்தப் பாரை ஒரு நூல் அளவு நெம்பிப் பிடிக்க, நான் போல்டை உருவினேன். திரும்பப் பூட்டும்போது போல்டுகளை மறுபக்கத்திலிருந்து போட்டேன். அடுத்த முறை கழற்றுகிறவன் என்னைத் திட்ட மாட்டான்.

ஏழில் மூன்று ஹோன் போட்டுத் தீட்டியதும் கண்ணாடியாகின. மாஸ்டரும் இன்னொன்றும் குழி ஆழம் என்பதால் காக்கா உள்ளே குடைந்து ஸ்டெயின்லெஸ் ஸ்லீவ் இறக்கினார். முன்சில்லுச் சிலிண்டர் இரண்டு எதற்கும் ஆகாது. இரவு ரயிலில் கொழும்புக்குப் போய் மருதானையில் இறங்கி, வாகனச் சாமான் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தையில் தேடியபோது மூன்றாவது கடையிலேயே கிடைத்தன. மைனருக்கான தகட்டுப் பாகங்களை இலங்கையில் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பிய காலமும் இருந்தது. இந்தக் காருக்கு நம் நாட்டில் சாமான் இல்லை என்று சொல்பவரை நம்ப வேண்டாம்.

பூட்டும்போது கப் வாஷரின் உதடு ஒயில் வரும் பக்கம் பார்க்க வேண்டும். பின்சில்லுச் சிலிண்டர், அது பூட்டியிருக்கும் தட்டில் முன்னும் பின்னும் வழுக்க வேண்டும். அது துருப்பிடித்து இறுகினால் டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் இரண்டு ஷூவில் ஒன்று மட்டும்தான் பிடிக்கும்.

அப்புறம் பிரேக் பைப்புக்குள் புகுந்த காற்றை எடுக்கும் வேலை. குனிய முடியாத அப்பா பெடலுக்குப் பொறுப்பு. மாஸ்டருக்கு ஆகத் தூரமான இடது பின்சில்லில் தொடங்கினோம். ஃபார்மசியில் வாங்கிய சேலைன் குழாயைச் சிலிண்டரில் காற்று வெளியேறும் நிப்பிளில் மாட்டி, மறுமுனையைப் போத்தல் ஒயிலுக்குள் விட்டேன்.

"அமத்துங்க அப்பா!"

"என்ன?"

"அமத்துங்க! விட வேணாம்!"

"விடவா?" என்று கேட்டுக்கொண்டே விட்டுவிடுவார். வெளியே வந்த குமிழி எல்லாம் சர்ரென்று உள்ளே போகும். மூன்று முறை இப்படி. அப்பாவுக்குக் காது மந்தம் என்பதை நாங்கள் இருவருமே ஒத்துக்கொள்வதில்லை. பிறகு சாவியால் றிம்மில் தட்டினேன். ஒரு தட்டு அமத்த, இரண்டு தட்டு விட. "இப்பதான் மனே ஒழுங்கா வேலை செய்றாய்" என்றார்.

நான்கு சில்லும் முடிந்து ஒரு குமிழி இல்லை. ஆனாலும் பெடல் பாதிக்கு மேல் இறங்கியது. மறுபடி முழுச் சுற்றும் எடுத்தோம், அரைப் போத்தல் ஒயில் வீண். காற்றில் பிழையில்லை. டிரம்முக்கும் ஷூவுக்கும் இடைவெளி அதிகம். அட்ஜஸ்டரை முதலில் இறுக்கிவிட்டுத்தான் காற்றெடுக்கத் தொடங்கியிருக்க வேண்டும். டிரம் ஓட்டையால் ஸ்குரூ டிரைவரை விட்டு, சில்லு பூட்டும்வரை இறுக்கி, ஒரு 'டிக்' தளர்த்தினேன். முன்சில்லில் ஷூவுக்கு ஒன்றாக இரண்டிரண்டு அட்ஜஸ்டர். கடைசி அட்ஜஸ்டர் முடிந்ததும் பெடல் கல்லாகிவிட்டது.

இதற்கிடையில் மட்காட்டில் சிந்திய ஒயிலை உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவாததால் உள்ளங்கை அகலத்துக்குப் பெயின்ற் உரிந்துவிட்டது. அதை அப்பா இன்னும் பார்க்கவில்லை.

ஆரையம்பதி வரை ஓட்டிப்போய் வந்து நான்கு டிரம்மையும் தொட்டுப் பார்த்தேன். ஒரே சூடு. கைப் பிரேக் மட்டும் இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை. வாசல் சரிவில் நிறுத்தும்போது பின்சில்லுக்கு ஒரு செங்கல் வைக்கிறேன்.