கேள்விய சின்னதாக்குற வேலை

கும்பகோணத்துல இருந்துகிட்டே சாப்ட்வேர் வேலை பாக்குறேன்னு சொன்னா "அப்ப சென்னைக்கு எப்ப போறீங்க"ன்னு கேக்குறவங்க இன்னமும் இருக்காங்க. எங்களோடது சின்ன ஆபீஸ்தான், ஆனா அரிசி மில்லு, உரக்கடை, பாத்திரக்கடை, மீன்கடைன்னு பில்லிங் எழுதிக் குடுக்குறோம், வேலைக்குப் பஞ்சமே இல்ல. பஞ்சமெல்லாம் ஆளுக்குத்தான். பெரிய கம்பெனின்னா மாட்டிக்கிட்டதும் சேரைத் திருப்பிப் பக்கத்துல கேட்டுடலாம், இங்க அந்த பக்கத்து சேர் கிடையாது, நெட்ல, ஸ்டாக் ஓவர்ஃப்ளோ மாதிரி கேள்வி-பதில் சைட்டுல, முகம் தெரியாத ஒருத்தர்கிட்டதான் கேக்கணும். அவரு சும்மா, சம்பளம் இல்லாம, சாப்பிடுற நேரத்துல உக்காந்து பதில் சொல்றவரு.

"கேக்குறதுக்கு முன்னாடி தேடிப்பாரு"ன்னு எல்லாரும்தான் சொல்றாங்க. எப்படித் தேடுறதுன்னு சொல்றவங்க கம்மி. எரர் வந்ததும் கூகுள்ல ஒட்டி, மொத லிங்க்ல இருக்குற புரோகிராம் கோட எடுத்துப் போட்டு, ஆகலன்னா ரெண்டாவது லிங்க், அதுவும் ஆகலன்னா "தேடிட்டேண்ணே, ஒண்ணும் கிடைக்கல". இத நான் தேடுனதா சேத்துக்க மாட்டேன்.

மொதல்ல எரர முழுசாப் படிக்கணும். பைத்தான் மொழில எழுதுன புரோகிராம்னா நிஜமான சேதி கடைசி வரில இருக்கும், ஜாவா மொழின்னா கீழ வரைக்கும் போயி கடைசியா வர்ற "காஸ்ட் பை", அதாவது இதால வந்துச்சுங்கற வரி, எதுன்னு பாக்கணும், ஆனா புதுசா வர்ற பசங்க மேல செவப்பா நாலு வரி பாத்ததுமே கண்ண மூடிக்கிறாங்க. அப்புறம் அந்த வரிலேர்ந்து நம்ம ஃபோல்டர் பேரு, கடை பேரு எல்லாத்தையும் தூக்கிட்டு மீதிய மட்டும் தேடணும், நம்ம கடை பேரு உலகத்துல வேற யாருக்கும் வந்துருக்காது இல்லையா. பதில் கிடைச்சா அது எந்த வருசத்துதுன்னும் பாக்கணும். பைத்தான்ல அட்டவணை வேலைக்கு இருக்குற பாண்டாஸ்ல, டேட்டாஃப்ரேம்ங்கற அட்டவணைக்கு வரி சேக்க அப்பெண்ட்னு ஒண்ணு இருந்துச்சு, 2023ல வந்த 2.0 வெர்ஷன்ல அதத் தூக்கிட்டாங்க, இப்ப அதுக்குப் பதிலா கான்கேட்தான். ஆனா பழைய பதில்ல எல்லாம் அப்பெண்டே இருக்கும், நூத்துக்கணக்குல ஓட்டும் வாங்கியிருக்கும், அந்த ஓட்டப் பாத்து நம்பி ஒட்டுனா இல்லாத ஒண்ணத் தேடிகிட்டே பொழுது போயிரும்.

இதெல்லாம் செஞ்சும் ஆகலன்னாதான் பெரிய வேலை, பிரச்சனைய வெட்டிச் சின்னதாக்குறது. எங்க ஆபீஸ்ல தலைஞாயிறு பக்கத்துப் பையன் ஒருத்தன், கடைமடைக்காரன். அவங்க ஊருக்குத் தண்ணி வரலன்னா மதகுலேர்ந்து வயல் வரைக்கும் மொத்த வாய்க்காலையும் யாரும் தோண்ட மாட்டாங்க, பாதி தூரம் போயி பாப்பாங்க, அங்க தண்ணி ஓடுதுன்னா அடைப்பு அதுக்குக் கீழதான், திரும்ப அதுல பாதி, கடைசில ஆகாயத்தாமரை எங்க அடைச்சிருக்குன்னு தெரிஞ்சிரும். கோடுல செஞ்ச மாத்தத்தையெல்லாம் வரிசையா சேத்து வெக்குற கிட்ல, எந்த மாத்தத்துல கெட்டுச்சுன்னு கண்டுபிடிக்க பைசெக்ட்னு இருக்குறது அச்சு அசல் இதே கணக்கு. அவனுக்கு இதச் சொல்லிக் குடுக்க வேண்டியதே இல்லாமப் போச்சு.

ஒரு மில்லுக்கு விவசாயிங்க பேர் பட்டியல் ஏத்துனோம். கோவிந்தராஜ்னு தேடுனா வரல, கண்ணுக்கு எதுத்தாப்புல பேரு இருக்கு, ஆனா வரல. பையன் எழுதி வெச்சிருந்த கேள்வி: "பைத்தான்ல ஸ்ட்ரிங் கம்பேர் ஒர்க் ஆகல, உதவவும்". அதாவது ரெண்டு பேரு ஒண்ணான்னு ஒப்பிட்டுப் பாக்குறது நடக்கலையாம். இத அப்படியே போட்ருந்தா, இதுக்கு பதில் சொல்ல முடியாதுன்னு அந்த சைட்டுல கேள்வியவே மூடிருப்பாங்க, மூடுனதுல தப்பும் சொல்ல முடியாது. "தம்பி, எந்த எழுத்து வரைக்கும் ஒத்துப்போகுது, அத மட்டும் பாரு"ன்னேன். பேரைப் பாதி பாதியா வெட்டிகிட்டே போனான். மிஞ்சுனது "கோ" மட்டும். தேடுற பேரு, பட்டியல்ல இருக்குற பேரு, ரெண்டு பக்கத்துலயும் நீளத்த எண்ணச் சொன்னா ஒரு பக்கம் 2, இன்னொரு பக்கம் 3. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு நம்பர் குடுக்குற யூனிகோடுல அந்த ஓகாரக் கொம்ப 0பிசிபிங்கற நம்பர்ல ஒரே குறியாவும் வெக்கலாம், ஏகாரக் கொம்பு, கால்னு ரெண்டாப் பிரிச்சும் வெக்கலாம், ஸ்க்ரீன்ல ரெண்டும் ஒண்ணு, எஸ்க்யூலைட்ங்கற டேட்டாபேஸுக்கு ரெண்டும் வேற வேற, அது உள்ள இருக்குற பைட்ட மட்டும்தான் பாக்கும். மில்லுக்காரங்க குடுத்தது யூனிகோடு இல்லாத பழைய பாமினி ஃபாண்ட்லேர்ந்து மாத்துன எக்ஸெல், வெனை அங்கேர்ந்து வந்துருக்கு. கேள்வி இவ்ளோ சின்னதானதும் பிரிஞ்ச குறிய ஒண்ணாச் சேக்குற என்.எஃப்.சி நார்மலைஸ்னு பதில் மொத தேடல்லயே வந்துருச்சு, கேக்கவே வேண்டியதில்லாம போச்சு.

அதுக்காக நாள் பூரா தேடிகிட்டே கெடக்கணும்னும் இல்ல. சில சீனியருங்க எதக் கேட்டாலும் "கூகுள் பண்ணு"ன்னு சொல்லிட்டுப் போவாங்க, பாதி நேரம் அவங்களுக்கே தெரியாதுங்கறதுதான் காரணம்னு எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. புதுசா வந்த புள்ள கூச்சப்பட்டுகிட்டு ரெண்டு நாளு ஒரே எரரோட உக்காந்திருந்தா நஷ்டம் எங்களுக்குத்தான், அதனால மதியத்துக்குள்ள வழி தெரியலன்னா எழுந்து வந்து கேளுன்னு சொல்லி வெச்சிருக்கேன். ஆனா வரும்போது என்ன எதிர்பாத்த, என்ன வந்துச்சு, என்ன என்ன செஞ்சு பாத்த, மூணும் சொல்லணும்.

இப்பதான் சாட்ஜிபிடி இருக்கேம்பாங்க. இருக்கு, நானும் தெனம் கேக்குறேன். ஆனா "ஒர்க் ஆகல"ன்னு கேட்டா அது மூடாது, திட்டாது, தன்னம்பிக்கையோட எதையாவது சொல்லிரும். அதுல எழுதி வாங்குன பதில் தப்புத் தப்பா குவியுதுன்னு 2022 டிசம்பர்லயே ஸ்டாக் ஓவர்ஃப்ளோல தடை போட்டாங்க.

பையன் நிஜமாவே வெளில கேட்ட கேள்வின்னா அது அதுக்கப்புறம் வந்தது. கௌரிங்கற பேர பாதிப் பேரு ளகரம் போட்டு கெளரின்னு அடிச்சிருக்காங்க, நார்மலைஸ் இதத் தொடாது, ஏன்னா ள தனி எழுத்து. கேள்விய ரெண்டே வரி கோடு, வந்த விடை, வேணும்கிற விடைன்னு போட்டான், எல்லா இடத்துலயும் "கெள"வ "கௌ"வா மாத்திடலாமான்னும் சேத்துக் கேட்டிருந்தான். யாரோ ஒரு புண்ணியவான் அன்னிக்கு ராத்திரியே பதில் எழுதுனாரு: மாத்தலாம், ஆனா உங்க ஊரு மீன்கடைல கெளுத்தி என்ன ஆகும்? நல்லவேளை சொன்னாரு, அதே கோடுதான் மீன்கடை பில்லுலயும் ஓடுது. பேருங்களுக்கு மட்டும் ஒரு தனி லிஸ்ட் போட்டு அவனே கையால சேத்துகிட்டு வர்றான், போன வாரம் சௌந்தர்யா சேந்துச்சு.