ஓர் ஆம்பூல் நலாக்சோன்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் அவசரப் பிரிவில் பணியேற்ற முதல் ஆண்டு, ஒரு நள்ளிரவில் அந்நகரின் சட்ஸ்வர்த் பகுதியிலிருந்து ஓர் இளைஞனைக் காரின் பின்னிருக்கையில் கிடத்திக் கொண்டுவந்தார்கள். உதடு நீலம் பாரித்திருந்தது. கண்மணிகள் ஊசிமுனையாகச் சுருங்கியிருந்தன. நிமிடத்துக்கு நான்கு மூச்சுதான். உடன் வந்த ஆயா (அங்கே பாட்டியை அப்படித்தான் அழைக்கிறார்கள்) "ஷுகர்ஸ், டாக்டர்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். தமிழ்நாட்டுப் பழக்கத்தில் நான் நீரிழிவு என்றெண்ணிக் குளுகோமீட்டரைத் தேடினேன். கலப்பட ஹெராயினுக்கு அந்தப் பக்கத்தில் அதுவே பெயர் என்று மூத்த செவிலியர் சொன்ன பிறகே விளங்கியது. சர்க்கரை அளவைப் பார்த்ததில் தவறில்லை. மயங்கிக் கிடக்கும் எவருக்கும் அதைப் பார்க்கத்தான் வேண்டும்.

தவறு அடுத்து நடந்தது. ஓர் ஆம்பூலில் (சிறு மருந்துக் குப்பி) இருந்த 0.4 மில்லிகிராம் நலாக்சோனை ஒரே மூச்சில் சிரையில் செலுத்திவிட்டேன். மூளையில் ஹெராயின் போன்றவை பற்றிக்கொள்ளும் மியூ ஏற்பிகளில் அமர்ந்திருக்கும் போதைப்பொருளை வெளியே தள்ளி, தான் எதையும் தூண்டாமல் அந்த இடத்தை அடைத்துக்கொள்வதே அம்மருந்தின் வேலை. இரண்டு நிமிடங்களில் எழுந்தவன் வாந்தியெடுத்தான், எங்களைத் திட்டினான், டிரிப்பைப் பிடுங்கி எறிந்துவிட்டு வெளியேறினான். என் பெருமிதம் ஒரு மணி நேரம்கூட நீடித்திருக்காது. வாகன நிறுத்தத்துச் சுவரோரம் அவன் மறுபடி மூச்சு மங்கிக் கிடப்பதைக் காவலாளிதான் கண்டார். நலாக்சோனின் அரை ஆயுள் (உடலில் அதன் அளவு பாதியாகும் நேரம்) ஏறத்தாழ ஒரு மணி நேரம்; ஹெராயின் உடலில் மார்ஃபினாக மாறி அதைவிட நீடிக்கும், அதே வகையைச் சேர்ந்த மெதடோனோ ஒரு நாளையும் தாண்டும்.

இப்போதெல்லாம் முதலில் முகமூடியும் பையும் வைத்து மூச்சூட்டுகிறேன். பிறகு ஆம்பூலை உப்புநீர் சேர்த்து 10 மில்லிலிட்டராக்கி, ஒவ்வொரு மில்லிலிட்டராக, மூச்சு பத்து பன்னிரண்டைத் தொடும்வரை மட்டும் கொடுக்கிறேன். அவன் கண் விழிக்காவிட்டாலும் பரவாயில்லை. மூச்சு மறுபடி சரிந்தால், பலித்த அளவில் மூன்றில் இரண்டு பங்கு மணிக்கு மணி சொட்டாக ஏறும்.

பிழைத்து வீடு திரும்பியவனின் ஆயா சில வாரங்கள் கழித்து வந்து, ஆசையை அறுக்கும் மாத்திரை உண்டாமே என்று கேட்டார். நலாக்சோனைப் போலவே ஏற்பிகளை அடைக்கும் நால்ட்ரெக்சோனைத்தான் சொன்னார். ஏழிலிருந்து பத்து நாள் போதைப்பொருள் படாத உடம்பில்தான் அதைத் தொடங்கலாம், இல்லையெனில் அந்த மாத்திரையே அவனை வதைத்துவிடும் என்று விளக்கி, "கடைசியா எப்போ எடுத்தான், ஆயா?" என்றேன். அவர் விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். இரண்டாவது விரலில் நின்றுவிட்டார்.