மனித்தப் பிறவியும் வேண்டுவதே: நம் வெள்ளிக்கிழமை வகுப்பு

நம் பள்ளியின் கால அட்டவணையில் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளைக்கு நன்னெறி வகுப்பு என்று பெயர். தேர்வு இல்லாத பாடமாகையால் மற்றப் பிரிவுகளில் அந்த வேளையைக் கணக்கு ஆசிரியரோ அறிவியல் ஆசிரியரோ எடுத்துக்கொண்டுவிடுவார்கள். 1970களின் பிற்பகுதியில் மேல்வகுப்புகளில் படித்த எங்களுக்கு அது தமிழையாவின் வகுப்பாக வாய்த்தது. அவர் அதை எவருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. உயிர் என்பது என்ன, அது ஏன் மீண்டும் மீண்டும் பிறக்கிறது, வீடுபேறு என்றால் எதிலிருந்து விடுபடுவது என்ற கேள்விகளையே அவர் ஆண்டு முழுவதும் எங்களோடு பேசிக்கொண்டிருந்தார். மயிலாப்பூர்ப் பிள்ளைகளான நாங்கள் அந்த வயதில் மறுபிறவி என்றால் தண்டனை என்றே எண்ணியிருந்தோம். பொய் சொன்னால் பல்லியாகப் பிறப்பாய் என்று வீட்டில் பாட்டிமார் சொல்லிக் கேட்டு வளர்ந்தவர்கள் வேறு எப்படி எண்ண முடியும்? ஐயா மாற்றியது அந்த எண்ணத்தைத்தான்.

சிவனை முழுமுதலாகக் கொள்ளும் தத்துவமாகிய சைவ சித்தாந்தத்தை அவர் தொடங்கிய நாளில் வீட்டிலிருந்து ஒரு செப்புச் செம்பைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். நெடுநாள் புழங்காமல் கிடந்த செம்பு. கழுத்தடியிலும் விளிம்பின் உட்புறத்திலும் பச்சைக் களிம்பு திட்டுத்திட்டாகப் படிந்திருந்தது. முன் வரிசையில் இருந்த ஒருவனிடம் புளியைக் கொடுத்துத் தேய்க்கச் சொன்னார். தேய்த்த இடம் பளபளத்தது. அந்தச் செம்பை வகுப்பு அலமாரியிலேயே வைத்துப் பூட்டிவிட்டு, பருவ விடுமுறை முடிந்து நாங்கள் திரும்பி வந்ததும் மறுபடி எடுத்துக் காட்டினார். களிம்பு திரும்ப வந்திருந்தது. களிம்பைச் செம்பின்மேல் எவரும் கொண்டுவந்து பூசவில்லை, செம்பு என்று உண்டோ அன்றே அதுவும் உண்டு, உயிருக்கு அதன் அறிவை மறைக்கும் அழுக்காகிய ஆணவ மலமும் அப்படியே என்று அவர் விளக்கியபோது, பின்னாளில் நூல்களில் படித்தபோதுகூடக் கிட்டாத தெளிவு அந்தப் பதின்பருவத்திலேயே எங்களுக்குக் கிட்டியது. புளி தேய்ப்பது நம் முயற்சி. அது வீணில்லை, ஆனால் அதனோடு வேலை முடிவதில்லை. இரசவாதிகளின் மருந்தாகிய இரசகுளிகை பட்டுச் செம்பு பொன்னாகும்போதுதான் களிம்பின் வலிமை அடங்கும் என்று சித்தாந்த ஆசிரியர்கள் சொல்வார்கள். அந்தக் குளிகையின் இடத்தில் அவர்கள் வைத்தது திருவருளை.

இறைவன் உயிரைப் படைக்கவில்லை என்று அவர் சொன்ன அன்று வகுப்பில் சலசலப்பு எழுந்தது. பதியாகிய இறைவன், பசுவாகிய உயிர், உயிரைக் கட்டும் பாசம் என்ற மூன்றுமே தொடக்கம் இல்லாதவை என்பதே சித்தாந்தத்தின் அடிப்படை. இறைவனைப் போலவே உயிரும் என்றும் உள்ளது. ஆனால் அது ஆணவத்தின் இருளில் தன்னையும் அறியாமல் தலைவனையும் அறியாமல் கிடக்கிறது. அப்படிக் கிடக்கும் உயிர் அசையவும் அறியவும் பழுக்கவும் வேண்டும் என்பதற்காகவே இறைவன் உலகுக்கு மூலப்பொருளான மாயையிலிருந்து உடம்பையும், கருவிகளையும், உலகையும், நுகர்பொருள்களையும் ஆக்கித் தருகிறான். தனு, கரண, புவன, போகம் என்று நூல்கள் அடுக்கும் நான்கும் இவையே. ஆகவே உடம்பு என்பது உயிருக்கு அருளோடு தரப்பட்ட கருவி. பிறவி நோய் என்று நாம் பாடுவதும் உண்மை, பிறவியே அந்நோய்க்கு மருந்தாக ஊட்டப்படுகிறது என்பதும் உண்மை என்று ஐயா சொல்வார். என்னைப் பொறுத்தவரை இந்து சமயங்கள் உயிரைப் பற்றிச் சொன்னவற்றுள் இதைவிடப் பரிவு மிக்க கருத்து வேறில்லை.

இதோடு வினைக் கொள்கையையும் சேர்த்துத்தான் அவர் கற்பித்தார். முன்னை வினைகளின் திரளாகக் கிடப்பது சஞ்சிதம். அதிலிருந்து இப்பிறவிக்கென்று முகந்து வந்து நுகர்ச்சிக்கு வருவது பிராரத்தம். நுகரும்போதே நாம் புதிதாக ஈட்டிக்கொள்வது ஆகாமியம். சஞ்சிதம் குரு அளிக்கும் தீக்கையால் (தீட்சையால்) கெடும், பிராரத்தம் உடம்பு உள்ளவரை நுகர்ந்து கழியும், ஆகாமியம் ஞானத்தால் ஏறாது என்பது சித்தாந்தத்தின் முடிவு. இதை வாய்பாடுபோல ஒப்பித்துவிடலாம். ஆனால் வினை என்ற சொல்லை எவரிடத்தில், எந்த நேரத்தில் எடுப்பது என்பதில் ஐயா மிகக் கண்டிப்பாக இருந்தார். இளம்பிள்ளை வாதத்தால் ஒரு கால் சூம்பி, இரும்புப் பட்டை கட்டிய பூட்சோடு பள்ளிக்கு வந்த நண்பன் ஒருவன் எங்கள் வகுப்பில் இருந்ததை என் வயதினர் மறந்திருக்க மாட்டார்கள். அவனைப் பார்த்து முற்பிறவிப் பாவம் என்று உறவுக்காரப் பெரியவர் ஒருவர் சொன்னதை அவனே ஒரு வெள்ளிக்கிழமை எழுந்து நின்று கூறி, அது உண்மையா என்று கேட்டான். ஐயா புத்தகத்தை மூடிவிட்டுப் போய் அவன் பெஞ்சிலேயே, அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

“தம்பி, வினையைப் பற்றிய கேள்வி நம்மை நாமே கேட்டுக்கொள்வதற்கு உரியது. இன்னொருவர் படும் துன்பத்தைக் கண்டால் நமக்கு உள்ள வேலை கைகொடுப்பதுதான். கைகொடுக்காமல் அவர் வினையைக் கணக்குப் பார்க்கிறவன் அந்த நேரத்தில் தனக்கே ஆகாமியம் சேர்த்துக்கொள்கிறான். உன் கணக்கு இறைவனிடம் இருக்கிறது. அந்தப் பெரியவரிடம் யாரும் அதைக் கொடுக்கவில்லை.”

இந்த விடையில் வினைக் கொள்கை எங்கேயும் தளர்த்தப்படவில்லை என்பதை நான் வெகுநாள் கழித்தே உணர்ந்தேன். கொள்கையின் முழு வலிமையையும் கொண்டே அவர் அந்தக் கொடுஞ்சொல்லை வெட்டியிருந்தார்.

மயிலாப்பூர்க் கபாலீசுவரர் கோயிலின் பங்குனிப் பெருவிழா நெருங்கும்போது வகுப்புக்குத் தனிக் களை வந்துவிடும். பாம்பு தீண்டி இறந்த பூம்பாவையின் எலும்பையும் சாம்பலையும் சிவநேசர் ஒரு குடத்தில் இட்டுக் காத்ததையும், மயிலாப்பூருக்கு வந்த திருஞானசம்பந்தர் பதிகம் பாடி அவளை எழுப்பியதையும் அறியாத பிள்ளை நம் பள்ளியில் கிடையாது. எட்டாம் நாள் காலையில் குளக்கரையில் அந்த நிகழ்ச்சியை நடத்திக் காட்டுவதைப் பார்த்துவிட்டுத்தான் பிற்பகலில் அறுபத்துமூவர் வீதியுலாவுக்கு மாடவீதியில் இடம் பிடிக்க ஓடுவோம். ஓர் ஆண்டு ஒருவன் கேட்ட கேள்வி இன்றும் என்னை விட்டு அகலவில்லை. பிறவாமைதான் பெரிய பேறு என்றால், இறந்துபோன பெண்ணைச் சம்பந்தர் ஏன் மீண்டும் உடம்புக்குள் அழைத்தார்? அவளுக்கு அப்போதே வீடுபேறு அளித்திருக்கலாமே?

ஐயாவின் முகம் மலர்ந்தது. விடையைத் தாம் சொல்லாமல், “மட்டிட்ட புன்னையங் கானல்” என்று தொடங்கும் அந்தப் பதிகத்தையே எடுத்து, ஒவ்வொரு பாட்டிலும் சம்பந்தர் அவளிடம் என்ன சொல்லி அழைக்கிறார் என்று எங்களைப் பார்க்கச் சொன்னார். ஐப்பசி ஓண விழா, கார்த்திகை விளக்கீடு, மார்கழித் திருவாதிரை, தைப்பூசம், பங்குனி உத்திரம் என்று மயிலையின் விழாக்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, இவற்றைக் “காணாதே போதியோ பூம்பாவாய்” என்று கேட்கிறார். அடியார்க்கு அமுது செய்விப்பதையும் விழாப் பொலிவையும் கண்ணால் காணாமல் போவது இழப்பு என்பது அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. உடம்பு கழித்துப்போட வேண்டிய சுமை மட்டுமே என்று கருதிய ஒருவர் இப்படிக் கேட்டிருக்க முடியாது. சம்பந்தர் காலத்தில் வாழ்ந்த அப்பர் தில்லைக் கூத்தனின் குனித்த புருவத்தையும் எடுத்த பொற்பாதத்தையும் காணப்பெற்றால் “மனித்தப் பிறவியும் வேண்டுவதே” என்று பாடியதை ஐயா அதன் அருகே வைத்தார். பிறவாமை வேண்டும், மீண்டும் பிறப்பு உண்டானால் உன்னை மறவாமை வேண்டும் என்று காரைக்கால் அம்மையார் வேண்டுவதாகச் சேக்கிழார் பாடியதையும் வைத்தார். குன்றத்தூர்க்காரரான சேக்கிழாரை அவர் எப்போதும் நம்மூர்க்காரர் என்றே சொல்வார். பிறப்பை அறுக்கச் சொல்லும் மரபும் பிறப்பை வேண்டும் குரலும் ஒரே அடியார் கூட்டத்திலிருந்து எழுந்தவை என்பதை அன்றுதான் கண்டோம்.

திருவல்லிக்கேணியிலிருந்து வந்த நண்பர்களின் வீட்டில் பின்பற்றிய நெறி வைணவம். வைகுண்ட ஏகாதசியன்று விடியுமுன் பார்த்தசாரதி சுவாமி கோயிலில் பரமபத வாசல் திறக்கக் காத்து நின்றுவிட்டுக் கண் சிவந்து வரும் அவர்களை ஐயா தம் பக்கம் இழுக்க முயன்றதே இல்லை. உயிர் இறைவனுக்கு உடலாக உள்ளது, சரணாகதியால் பரமபதம் அடைந்து அங்கே என்றும் தொண்டு செய்திருப்பதே மோட்சம் என்ற இராமாநுசர் கொள்கையை அவர்களையே கொண்டு விளக்கச் செய்வார். உயிரும் பிரமமும் உண்மையில் ஒன்றே, அதை அறிந்தவன் உடம்போடு இருக்கும்போதே முத்தன் என்னும் அத்வைதத்தையும் விரிவாகச் சொன்னார். அந்தப் பகுதி அன்றைக்கு எனக்கு எட்டாத உயரத்தில் நின்றது. நசிகேதன் கதையை மட்டும் அனைவரும் விரும்பிக் கேட்டோம். நெடிய வாழ்நாளும் பசுக்கூட்டமும் பொன்னும் தருகிறேன் என்று எமன் சொல்லியும் மயங்காமல், இறந்தபின் உயிர் உண்டா இல்லையா என்பதை மட்டும் சொல் என்று பிடிவாதமாக நின்ற அந்தச் சிறுவனைக் கடோபநிடதத்தில் கண்டபோது எங்கள் வகுப்புத் தோழனைப் போலவே இருந்தது.

இப்போது நான் வாழும் டொராண்டோவில் இறுதிச் சடங்குகளுக்குப் போகும்போதெல்லாம் ஐயாவை நினைக்கிறேன். இங்குள்ள யாழ்ப்பாணச் சைவர்கள் பூதவுடலின் அருகே உரலும் உலக்கையும் வைத்துத் திருவாசகத்தின் பொற்சுண்ணப் பாடல்களைப் பாடிச் சுண்ணம் என்னும் நறுமணப் பொடியை இடிப்பார்கள். சென்னையில் வளர்ந்த நான் அதுவரை கண்டிராத வழக்கம் அது. திருவாசகத்தில் வரும் சிவபுராணத்தின் 95 அடிகளையும் கூடியிருப்போர் சேர்ந்து ஓதுவார்கள். புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகி என்று மாணிக்கவாசகர் அடுக்கும் இடம் வரும்போது, இங்கே பிறந்த பிள்ளைகள் நிமிர்ந்து பார்த்து, தாத்தா இனிப் புழுவாகப் பிறப்பாரா என்று கேட்கிறார்கள். அதட்டி அடக்க வேண்டிய கேள்வி அல்ல அது. அந்த அடுக்கு முழுவதும் பாடுபவர் தம்மைப் பற்றியே சொல்வது, “எல்லாப் பிறப்பும் பிறந்திளைத்தேன்” என்று முடிந்து, அடுத்த அடியிலேயே “மெய்யே உன் பொன்னடிகள் கண்டு இன்று வீடுற்றேன்” என்று வந்துவிடுகிறது என்று அவர்களுக்குக் காட்டுகிறேன். இளைப்புக்கும் வீடுபேற்றுக்கும் நடுவே ஓர் அடிகூட இடைவெளி இல்லை என்பதைக் கண்டு ஒரு சிறுமி அந்த இரண்டு அடிகளையும் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

சனிக்கிழமைதோறும் இங்கே கூடும் தமிழ்ப் பள்ளியில் மூத்த மாணவர்களுக்குச் சைவ சித்தாந்தத்தின் முதன்மை நூலாகிய சிவஞான போதத்தின் 12 சூத்திரங்களை எளிய உரைநடையில் சொல்லத் தொடங்கியிருக்கிறேன். எட்டாம் சூத்திரத்தில், ஐம்புலன்களாகிய வேடரிடையே தன்னை மறந்து வளர்ந்த அரச குமாரனாகிய உயிரிடம் முதல்வனே குருவாக வந்து உணர்த்தும் இடத்தை ஐயா அடுத்த அணியினருக்கு மூன்று வெள்ளிக்கிழமைகள் தொடர்ந்து நடத்தினார் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அந்த வகுப்பில் இருந்தவர்கள் எவரேனும் குறிப்பு எடுத்து வைத்திருந்தால், இந்தப் பள்ளி மலரின் குழுவினர் வழியாக ஒரு படி எனக்கு அனுப்பி உதவ வேண்டுகிறேன்.