இப்ப நீங்க அங்க இல்லையே

நான் சொன்னது இந்த நான்கு சொற்கள்தான். இதில் பொய் கிடையாது. எங்கள் பல்கலைக்கழகத்தில் தற்காலிக உதவி விரிவுரையாளராக இருந்த, என் பழைய மாணவியான அந்தப் பிள்ளையின் ஒப்பந்தம் முடிந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அவள் கேட்டது ஒரு படிவத்தைப் பற்றி. "நிறுவனம்னு ஒரு பெட்டி இருக்கு மிஸ். கம்பஸ் பேரப் போடவா?" அதற்குத்தான் அந்தப் பதில். ஒழுங்கான ஆள் யாரிடம் கேட்டிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார் என்று எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டுவிட்டேன். இத்தனை முறை சொல்ல வேண்டியிருப்பதுதான் பிரச்சினை.

படிவம், தத்துவத் துறையில் இருக்கும் பெண்களுக்கான ஒரு பெயர்ப்பதிவேட்டுக்கானது. இப்படிப்பட்ட பதிவேடுகள் ஏன் வந்தன என்பது துறைக்குள் இருப்பவர்களுக்குத் தெரியும். கருத்தரங்கு வைப்பார்கள், பேச்சாளர்கள் எல்லாரும் ஆண்களாக இருப்பார்கள். கேட்டால், "தேடினோம், பெண்கள் கிடைக்கவில்லை" என்பார்கள். சரி, இதோ பெயர்கள் என்று நீட்டுவதற்குத்தான் பதிவேடு. பிரித்தானியாவில் 2011-ல் ஒரு கணக்கெடுத்தார்கள். தத்துவம் படிக்கும் இளநிலை மாணவர்களில் 46 சதவீதம் பெண்கள். நிரந்தரப் பணியில் இருப்பவர்களில் 24 சதவீதம். எங்கள் கலைப்பீட வகுப்புகளில் பெண் பிள்ளைகள்தான் கூட்டம். ஆனாலும் அந்தக் கூட்டம் மேலே போகப் போக எப்படிக் கரைகிறது என்பதற்கு வெளிநாட்டுக் கணக்கு தேவையில்லை, ஆசிரியர் அறைக் கதிரைகளை எண்ணினால் போதும்.

இதையெல்லாம் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். 1972-ல் அமெரிக்காவில் தத்துவத் துறைப் பெண்கள் தங்களுக்கென்று சங்கம் வைத்ததை, அந்த வட்டத்திலிருந்து கிளைத்த ஹைப்பேஷியா என்ற பெண்ணியத் தத்துவ இதழ் 1986-ல் தனியாக நிற்கத் தொடங்கியதை, எல்லாம் வகுப்பில் கதை மாதிரிச் சொல்வேன். அவளுக்குப் பிடித்தது இன்னொரு கதை. அமெரிக்கத் தத்துவவியலாளர் கேத்ரின் சோஃபியா பெல் 2007-ல் கறுப்பினப் பெண் தத்துவவியலாளர்களுக்கென்று தனி வட்டம் ஒன்றைத் தொடங்கியது. பெண்கள் என்று கூடுகிற இடத்திலும் சிலர் ஒற்றையாகத்தான் உட்கார வேண்டியிருக்கிறது என்று நான் சொன்னதும், மலையகத் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்த அவள் பின்வரிசையிலிருந்து எழுந்து, "அப்ப நாமளும் ஒண்ணு தொடங்கலாம் மிஸ். தோட்டத்துப் பொம்பளைங்க தத்துவ சங்கம்" என்றாள். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். அவள் சிரித்தாளா என்று இப்போது ஞாபகமில்லை.

அவளுடைய இறுதியாண்டு ஆய்வு, பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்கிற கொழுந்து மடுவத்தைப் பற்றியது. கூடையைச் சுமந்து வருகிறவள் அம்மா, தராசைப் பார்க்கிறவர் கணக்கப்பிள்ளை. ஈரத்துக்கு, சாக்குக்கு என்று கழித்துக்கொண்டு ஒரு கிலோ கணக்கைச் சொல்வார். தோட்டம் கேட்கிற கிலோ வரவில்லையென்றால் அன்றைக்கு அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம். "எனக்குத் தெரியாதா, என் தல சொல்லுது" என்று அம்மா சொன்னால் அது பேச்சு. அவர் எழுதினால் அது கணக்கு. ஒருத்தி யார் என்பதைப் பார்த்து அவள் சொல்லுக்கு மதிப்பைக் குறைப்பது அறிவின் தளத்தில் நடக்கும் அநீதி என்று தத்துவவியலாளர் மிராண்டா ஃபிரிக்கர் 2007-ல் எழுதினார். இவள் அதை எடுத்து, தலைக்குத் தெரிகிற பாரத்துக்கு அறிவு என்று பெயர் வைக்க மறுப்பது யார் என்று கேட்டிருந்தாள். ஆங்கிலம் தட்டுத்தடுமாறியது உண்மை. கேள்வி தடுமாறவில்லை. ஒரு சக விரிவுரையாளர் வாசித்துவிட்டு, "நல்லாயிருக்கு, ஆனா இது சமூகவியல்" என்றார். அமெரிக்கத் தத்துவவியலாளர் கிறிஸ்டி டாட்சன் 2012-ல் இதே விஷயத்தை வைத்து ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். அதன் தலைப்பே, இந்தக் கட்டுரை எப்படித் தத்துவம் ஆகும் என்ற கேள்விதான். அதை அச்செடுத்து அவளிடம் கொடுத்தேன். அவ்வளவு தூரம் நான் அவள் பக்கம்தான் நின்றேன். இதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது.

அப்புறம் போனில் அந்தக் கேள்வி.

அவள் தோட்டத்தின் மேற்பிரிவான மேல் டிவிஷனில் மாடசாமி கோயிலடியில் நின்று பேசினாள். லயத்து வரிசை வீடுகளில் சிக்னல் கிடைக்காது. மழை கேட்டது. படிவத்தில் பெயர், ஆய்வுத் துறை எல்லாம் நிரப்பிவிட்டாளாம். முகவரியில் சற்றுத் தடுமாறினாளாம். லயத்துக் காம்பராவுக்கு இலக்கம் ஏது? தோட்டத்துப் பெயரையும் டிவிஷனையும் போட்டால் கடிதம் தோட்ட ஆபீசுக்கு வரும். அங்கிருந்து எப்போது கைக்கு வரும் என்பது அவரவர் அதிர்ஷ்டம். நேர்முகத் தேர்வுக்கான கடிதம் தேர்வு முடிந்த மறுநாள் வந்து சேர்ந்த கதை எங்கள் குடும்பத்திலேயே இருக்கிறது. ஆனாலும் முகவரியை அவளே சமாளித்துவிட்டாள். நிறுவனம் என்ற பெட்டியில்தான் நின்றுவிட்டாள்.

நான் சொன்னேன். மறுமுனையில் சத்தமில்லை. சிக்னல் போய்விட்டது என்று நினைத்து, "ஹலோ, ஹலோ" என்றேன். "இருக்கேன் மிஸ்" என்றாள். "சரி மிஸ், நா பார்த்துக்கிறேன்."

அந்தப் பெட்டியில் 'சுயாதீன ஆய்வாளர்' என்று எழுதலாம். எழுதுகிறார்கள். வேலையில்லாத முனைவர்கள், ஓய்வுபெற்றவர்கள், பிள்ளை பெற்று வீட்டிலிருக்கிறவர்கள் எல்லாரும் எழுதுகிறார்கள். எனக்கு இது தெரியாதா? அன்றைக்கே தெரியும். போனை வைத்த பிறகு நினைவுக்கு வந்தது என்று கொஞ்சநாள் நம்பிக்கொண்டிருந்தேன். இல்லை, பேசும்போதே தெரியும். நாக்கு நுனிவரை வந்ததைச் சொல்லவில்லை.

ஏன் என்பதற்குப் பல காரணங்களை அடுக்கி வைத்திருக்கிறேன். முதல் காரணம் நேர்மை: இல்லாத இடத்தை இருக்கிற இடமாகக் காட்டக்கூடாது. இது சரியான காரணம், அவள் கேட்ட கேள்விக்கு. ஆனால் அதோடு நிறுத்தியதற்கு இது காரணமாகாது. அடுத்தது அவளுடைய பாதுகாப்பு: பதிவேட்டைப் பார்த்து யாராவது ஆங்கிலத்தில் அழைத்து, அவள் மேடையில் திணறி, அத்தோடு மனம் விட்டுப்போனால்? இது அக்கறை மாதிரித்தான் இருக்கிறது. எனக்கு இருபத்தைந்து வயதில் இப்படி அக்கறைப்பட்டவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்களை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

மூன்றாவதை எழுதத்தான் இவ்வளவு சுற்றுகிறேன். கொழும்பிலோ வெளியிலோ பெண்ணியத் தத்துவம் என்று எதுவும் நடந்தால், மலையகத்திலிருந்து ஒருவர் வேண்டும் என்று யாராவது நினைத்தால், அந்த ஒருவர் நான். தோட்டத்தில் பிறந்தவள், குடியுரிமையில்லாமல் நாடற்றவளாகவே செத்துப்போன அப்பாயியின் பேத்தி, தத்துவத்தில் பட்டம். அழைப்பவர்களுக்கு இது வசதி. எனக்கும் வசதிதான், பொய் சொல்வானேன். அவர்கள் போடுவது ஒரே ஒரு கதிரை. அவள் பதிவேட்டில் வந்திருந்தால், கொழுந்து மடுவத்தை வைத்து அறிவைப் பற்றிப் பேசுகிற ஒருத்தியும் என்னைப் போல அப்பாயியைப் பற்றி மட்டும் பேசுகிற ஒருத்தியும் பக்கத்துப் பக்கத்து வரிகளில் இருந்திருப்போம்.

இதுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்கிறேனா? இல்லை. அந்த நொடியில் நான் பொறாமைப்பட்டதாக எனக்கு ஞாபகமில்லை. களைப்பாக இருந்தது, விடைத்தாள் கட்டு மேசையில் இருந்தது, அதுதான் ஞாபகம். பிறகு யோசித்து யோசித்து நானே பொறாமையை உள்ளே வைத்துவிட்டேனோ என்னவோ. தன்னைத் தானே குற்றம் சாட்டிக்கொள்வதிலும் ஒரு ருசி இருக்கிறது. அது அவளுக்கு எந்த உதவியும் செய்யாது.

ஒன்று மட்டும் எனக்குச் சந்தேகமில்லாமல் தெரியும். அவளை நான் எப்போதும் 'நீ' என்றுதான் சொல்வேன். ஊர்க்காரப் பிள்ளை, தங்கச்சி மாதிரி. அன்றைக்கு 'நீங்க' வந்தது. 'இப்ப நீ அங்க இல்லியே' என்று சொல்லியிருந்தால் அதற்குப் பின்னால் ஏதாவது வந்திருக்கும். 'அதனால என்ன, இப்பிடிப் போடு' என்று வந்திருக்கும். 'நீங்க' என்றதும் பேச்சு முடிந்துவிட்டது. தோட்டத்துத் துரைமார் நம் ஆட்களிடம் திடீரென்று 'நீங்க' போட்டால் ஏதோ இல்லை என்று சொல்லப் போகிறார்கள் என்று அர்த்தம். அவளுக்கும் அது தெரிந்திருக்கும், அவளும் அங்கே வளர்ந்தவள்தானே.

போன மாதம் ஹட்டனில் அவளைப் பார்த்தேன். ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறாள், இன்னும் நிரந்தரமாகவில்லை. சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டு பிளேன்டீ குடித்தோம். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம், "நம்ம அம்மாமாருக்குத் தெரிஞ்ச, புஸ்தகத்துல இல்லாத விஷயம் ஒண்ணு சொல்லுங்க" என்று எழுதச் சொன்னாளாம். ஒரு பையன், மூடுபனி எத்தனை மணிக்கு விலகும் என்று அம்மாவுக்கு முழங்காலில் தெரியும் என்று எழுதினானாம். சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நான் அந்தப் படிவத்தைப் பற்றிக் கேட்டேன். கேட்காமலே இருந்திருக்கலாம்.

"அதுவா மிஸ்? அனுப்பல. நீங்க சொன்னது சரிதானே. நா அங்க இல்லையே."

குத்தலாகச் சொல்லவில்லை. அதை நான் நன்றாகக் கவனித்தேன், ஏனென்றால் குத்தலாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாகியிருக்கும். சுயாதீன ஆய்வாளர் என்று போடலாம் என்று அப்போது சொன்னேன், மூன்று வருடம் கழித்து. "அப்பிடியும் போடலாமா" என்றாள். பிறகு பஸ்ஸைப் பார்த்து எழுந்தாள். திரும்பிப் பார்ப்பதற்குள் காசைக் கொடுத்துவிட்டிருந்தாள்.

அன்றிரவு அந்தப் பதிவேட்டைத் திறந்து என் பெயரைத் தேடினேன். ஒரு காலத்தில் மூன்று மாதம் ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் வருகைதரு ஆய்வாளராக இருந்தேன். என் பெயருக்குக் கீழே அந்தப் பல்கலைக்கழகம்தான் இன்னும் இருக்கிறது. ஊருக்குத் திரும்பி ஆறு வருடமாகிறது. மாற்றுவோம் என்று போனால் கடவுச்சொல் கேட்டது. மறந்துவிட்டது. புதிதாக எடுக்க ஒரு மின்னஞ்சல் அனுப்புவார்களாம், பதிவு செய்தபோது கொடுத்த முகவரிக்கு. அது அந்தப் பல்கலைக்கழகம் கொடுத்த முகவரி. அவர்கள் அதை எப்போதோ மூடிவிட்டார்கள்.