மூச்சை விடக் கற்றுக்கொண்டேன்

போன வருடம், கணக்கு முடிக்கும் மாதம். சிங்கப்பூரில், ஈசூனில் ஏறி ராஃபிள்ஸ் பிளேஸில் இறங்க வேண்டிய நான், எம்ஆர்டி ரயில் கூட்டத்தில் மூச்சு முட்டி சிட்டி ஹாலிலேயே இறங்கிவிட்டேன். எவ்வளவு இழுத்தாலும் காற்று நெஞ்சோடு நின்றது. விரல் நுனிகளில் ஊசி குத்துவது போல இருந்தது, தலை சுற்றியது. மாரடைப்புதான் என்று நடுங்கிப்போனேன்.

அன்றே பலதுறை மருந்தகத்துக்குப் போனேன். (போயிருக்கக் கூடாது, அவசர ஆம்புலன்ஸ் எண்ணான 995-ஐத்தான் அழைத்திருக்க வேண்டும். திடீரென்று மூச்சு முட்டினால், நெஞ்சு வலித்தால், அது மன அழுத்தம்தான் என்று நாமே முடிவு செய்துவிடக் கூடாது.) ஈசிஜி, ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக இருந்தன. டாக்டர் என் மூச்சை ஒரு நிமிடம் எண்ணினார். 26. பெரியவர்களுக்கு ஓய்வில் 12 முதல் 20 வரைதான் இருக்குமாம்.

அவர் சொன்ன விளக்கம் எனக்குப் புதிது. மனம் நெருக்கடியில் இருந்தால் உடம்பு ஓடுவதற்குத் தயாராகிறது. மூச்சு வேகமாகி மேல் நெஞ்சிலேயே நடக்கிறது. ஆனால் நான் ஓடவில்லையே, நாற்காலியில்தானே இருக்கிறேன்! தேவைக்கு மேல் சுவாசிப்பதால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துவிடுகிறது. தலைசுற்றலும் விரல் மரத்துப்போவதும் அதனால்தான். காற்று போதவில்லை என்று நான் தவித்த நேரத்தில், உண்மையில் அளவுக்கு மீறிச் சுவாசித்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் பயிற்சி சொல்லிக்கொடுத்தார். மல்லாந்து படுத்து ஒரு கை நெஞ்சிலும் ஒரு கை வயிற்றிலும் வைக்க வேண்டும். வயிற்றுக் கை மட்டும் எழ வேண்டும், அப்போதுதான் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் மூச்சுத் தசையான உதரவிதானம் வேலை செய்கிறது என்று அர்த்தம். 4 விநாடி உள்ளே, 6 விநாடி வெளியே.

முதல் வாரம் எனக்கு இன்னும் மோசமாகத்தான் இருந்தது. ஆழமாக என்றால் நிறைய என்று நினைத்து, காற்றை வாரி வாரி இழுத்தேன். மறுபடியும் தலைசுற்றல். அந்த பிசியோதெரபிஸ்ட் பொறுமையாகத் திருத்தினார்: மூக்கு வழியாக, சத்தமில்லாமல், கொஞ்சமாக இழுங்கள், வெளியே விடுவதில் கவனம் வையுங்கள், மூச்சு வெளியேறும்போதுதான் இதயத்துடிப்பு சற்றுத் தணியும் என்றார். வீட்டில் இதைச் சொன்னபோது என் அம்மா, "அதான் நாம மூச்சு விடுன்னு சொல்றோம், மூச்சு இழுன்னா சொல்றோம்?" என்றார். எத்தனை சரியான பேச்சு!

வேலை முடிந்து வந்ததும் லிஃப்டில் ஏறாமல், எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்து இதைச் செய்தேன். படபடப்பு அடங்க ஒன்றரை மாதம் ஆனது. தூக்கம் அதற்கு முன்பே சரியாகிவிட்டது. வேலைப் பளு குறையவில்லை, இந்த வருடமும் அதே கணக்கு, அதே கெடு. போன வாரம் ரயிலில் நெஞ்சு இறுகத் தொடங்கியது. கம்பியைப் பிடித்தபடி, வயிற்றில் ஒரு கை வைத்து மெதுவாக விட்டேன். சிட்டி ஹாலில் கதவு திறந்து மூடியது. ராஃபிள்ஸ் பிளேஸில் இறங்கினேன்.