கட்டணமில்லாப் போட்டிகளும் என் கையில் இருந்த பேனாவும்

என் மகள் பன்னிரண்டு வயதையும் மகன் எட்டு வயதையும் எட்டியபோது, மதிப்பெண்ணுக்காக அல்லாமல் அவர்கள் தாமாக எழுதவும் வரையவும் ஒரு காரணம் வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. பணம் கட்டிச் சேரும் பயிற்சி வகுப்புகள் எங்கள் வசதிக்குள் வரவில்லை. ஆகவே, கட்டணமே இல்லாத போட்டிகளை மட்டும் தேடுவது என்று முடிவு செய்தேன். கடந்த இரண்டு ஆண்டுகளில் நாங்கள் முறையாகப் பங்கேற்றவை மூன்றே மூன்று. அவற்றில் நான் கற்றுக்கொண்டதை, இதே தேடலில் இருக்கும் பெற்றோருக்காக எழுதுகிறேன்.

இந்த மூன்றுக்கும் முன்னால் செய்த முதல் முயற்சி எங்களை வருத்தத்தில் கொண்டு விட்டது. 'மாணவர் கவிதைப் போட்டி, நுழைவு இலவசம்' என்ற அறிவிப்பை நம்பி மகளின் கவிதை ஒன்றை அனுப்பினோம். மூன்றாம் நாளே, அது இறுதிச் சுற்றுக்குத் தேர்வாகிவிட்டதாக மின்னஞ்சல் வந்தது. அவள் அதைத் தன் தம்பிக்கும் தோழிகளுக்கும் உரக்கப் படித்துக் காட்டினாள். மின்னஞ்சலின் கீழ்ப்பகுதியை நான் இரவில்தான் நிதானமாகப் படித்தேன்: கவிதை தொகுப்பு நூலில் இடம்பெறப் பிரதிகளை முன்பதிவு செய்ய வேண்டும், சான்றிதழுக்குத் தனிக் கட்டணம், விருது விழாவுக்கு இன்னொரு கட்டணம். அனுப்பிய எல்லோருக்கும் அதே மின்னஞ்சல்தான் போயிருக்கும் என்பது எனக்குப் புரிந்துவிட்டது. அதை ஒரு பன்னிரண்டு வயதுப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். சொன்னபோது அவள் அழவில்லை. "அப்படியென்றால் என் கவிதையை யாருமே படிக்கவில்லையா அம்மா?" என்று மட்டும் கேட்டாள்.

அந்தக் கேள்விதான் அதற்குப் பிறகு எங்களுக்கு உரைகல்லாக இருந்தது. பிள்ளை எழுதியதை யாராவது உண்மையாகப் படிக்கிறார்களா? போட்டியை நடத்துவது யார், எத்தனை ஆண்டுகளாக நடத்துகிறார்கள், முந்தைய ஆண்டுகளில் பரிசு பெற்ற படைப்புகளை முழுமையாக வெளியிட்டிருக்கிறார்களா, நுழைவில் மட்டுமின்றி எந்தக் கட்டத்திலாவது பணம் கேட்கிறார்களா, அனுப்பிய படைப்பின் உரிமை யாரிடம் போகிறது என்பவற்றைப் பார்த்த பிறகே தலைப்பைப் படிப்பது என்று வைத்துக்கொண்டோம். பரிசுத் தொகையை விட, பழைய பரிசுப் படைப்புகள் கண்ணுக்குக் கிடைக்கின்றனவா என்பதே நம்பகமான அடையாளம் என்பது என் கருத்து. அவற்றைப் படிக்கும்போது நடுவர்கள் எதை மதிக்கிறார்கள் என்பதும் பிள்ளைக்கே விளங்கிவிடும்.

இப்படிச் சலித்த பிறகும் நல்ல வாய்ப்புகள் நிறையவே மிஞ்சின. 2004இல் லிதுவேனியாவில் தொடங்கிய பெப்ராஸ் என்ற கணினிச் சிந்தனைப் போட்டிக்கு நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. புதிர்களைப் போலத்தான் வினாக்கள் இருக்கும். ஆனால் பள்ளி வழியாகப் பதிய வேண்டும் என்பதால் ஆசிரியர் ஒருவரின் ஒத்துழைப்பு தேவை. 13 முதல் 18 வயது வரையுள்ளோருக்கான பிரேக்த்ரூ ஜூனியர் சேலஞ்ச் 2015இல் தொடங்கியது. அறிவியல் அல்லது கணிதக் கருத்து ஒன்றைக் குறுகிய காணொளியில் விளக்க வேண்டும். வெல்பவருக்கு 2,50,000 டாலர் கல்வி உதவி. பெரிய தொகை என்பதால் பலருக்கும் அதுதான் முதலில் கண்ணில் படும். எங்கள் வீட்டுக்கு எழுத்தும் ஓவியமுமே இயல்பாக வந்தன என்பதால் இவ்விரண்டையும் குறித்து வைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டோம்.

2024இல் குயின்ஸ் காமன்வெல்த் கட்டுரைப் போட்டியில் மகள் கலந்துகொண்டாள். ராயல் காமன்வெல்த் சங்கம் நடத்தும் இப்போட்டி 1883ஆம் ஆண்டிலிருந்து நடந்து வருகிறது. காமன்வெல்த் நாடுகளைச் சேர்ந்த மாணவர்கள் பங்கேற்கலாம்; 14 வயதுக்கு உட்பட்டோர் இளையோர் பிரிவில் வருவார்கள். அப்பிரிவுக்குச் சொல் வரம்பு 750. அவள் முதல் வரைவை எழுதி முடித்தபோது ஆயிரத்து நூறு சொற்கள் இருந்தன. இங்கேதான் நான் பெரிய தவறு செய்தேன். சொற்களைக் குறைத்துத் தருகிறேன் என்று சொல்லிப் பேனாவைக் கையில் எடுத்தேன். குறைக்கத் தொடங்கிய நான் மாற்றத் தொடங்கினேன். மாற்றத் தொடங்கிய நான் எழுதத் தொடங்கினேன். அவளுடைய தொடக்கம் பேருந்தில் பக்கத்தில் அமர்ந்திருந்த ஒரு முதியவரைப் பற்றியது. அது சுற்றி வளைப்பதாக எனக்குத் தோன்றியதால் எடுத்துவிட்டு, 'மனித குலம்' என்று தொடங்கும் ஒரு வாக்கியத்தை வைத்தேன். கடைசி நாளுக்கு முதல் நாள் கட்டுரை சரியாக 748 சொற்களில், பிழையில்லாமல், வழவழப்பாக நின்றது.

பல மாதங்களுக்குப் பிறகு முடிவு வந்தது. அந்தப் போட்டியில் தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று பலருக்குத் தகுதிச் சான்றிதழ்கள் தருவார்கள். அவற்றில் ஒன்று அவளுக்கும் கிடைத்தது. அச்சிட்டுச் சுவரில் ஒட்டலாம் என்றேன். அவள் அதை வாங்கிப் பார்த்துவிட்டு மேசை இழுப்பறையில் வைத்தாள். "அந்தத் தாத்தாவைப் பற்றித்தானே நான் எழுதினேன். அவர் இதில் இல்லையே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். படைப்பு முழுக்க முழுக்கப் பங்கேற்பவருடையது என்ற உறுதிமொழியில் அவளும் ஒப்புதல் தந்திருந்தாள், நானும் தந்திருந்தேன் என்பது அன்றிரவு என் நினைவுக்கு வந்தது. இப்போது பல போட்டிகள் செயற்கை நுண்ணறிவு எழுதிய படைப்புகளை நிராகரிப்பதாக அறிவிக்கின்றன. இயந்திரம் எழுதித் தருவது தவறு என்று மகளுக்கு எச்சரித்த நானே, அதே வேலையை என் கையால் செய்திருந்தேன்.

அடுத்த ஆண்டு, அனைத்துலக அஞ்சல் ஒன்றியத்தின் கடிதப் போட்டிக்கு அவள் விரும்பினாள். 1874இல் உருவாகிச் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட இந்த ஒன்றியம், 9 முதல் 15 வயது வரையுள்ளோருக்காக 1971 முதல் இப்போட்டியை நடத்துகிறது. இதன் வழிமுறையைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பெர்னுக்கு நாம் நேராகக் கடிதம் அனுப்ப முடியாது. ஒவ்வொரு நாட்டின் அஞ்சல் துறையும் தன் நாட்டில் போட்டியை நடத்தி, தேர்ந்தெடுத்த ஒரே ஒரு கடிதத்தை மட்டும் உலக அளவிலான சுற்றுக்கு அனுப்புகிறது. ஆகவே, பன்னாட்டு அறிவிப்பில் காணும் கடைசி நாள் நமக்கு உரியது அல்ல. நம் நாட்டு அஞ்சல் துறை அறிவிக்கும் நாள் அதற்கு வெகு முன்னதாகவே வந்துவிடும். எந்த மொழியில் எழுதலாம், பள்ளி வழியாக அனுப்ப வேண்டுமா என்பவையும் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால், அஞ்சல் நிலையத்திலேயே நேரில் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

2025க்கான தலைப்பு இது: நீங்கள் பெருங்கடல் என்று எண்ணிக்கொண்டு, உங்களை ஏன், எப்படிப் பாதுகாக்க வேண்டும் என்று ஒருவருக்குக் கடிதம் எழுதுங்கள். 800 சொற்களுக்கு மேல் போகக் கூடாது. மகளின் முதல் வரைவு 'அன்புள்ள உலக மக்களே, நான்தான் கடல் பேசுகிறேன்' என்று தொடங்கியது. புவிப்பரப்பில் ஏறத்தாழ 71 விழுக்காடு, புவி வெப்பமயமாதலால் சேரும் மிகை வெப்பத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் கடலே உள்வாங்குகிறது, நெகிழிக் கழிவு என்று பாடப்புத்தகச் செய்திகள் வரிசையாக நின்றன. எல்லாம் சரியான செய்திகளே. என் கை பேனாவைத் தேடியது. இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டேன். திருத்தம் சொல்வதில்லை, கேள்வி மட்டும் கேட்பது என்று அவளிடம் முன்கூட்டியே வாக்குக் கொடுத்திருந்தேன். "இந்தக் கடிதம் யார் வீட்டு வாசலில் போய் விழும்?" என்று கேட்டேன். "உலக மக்கள்" என்றாள். "அவர்கள் முகவரி என்ன?" என்றேன். அவள் பதில் சொல்லாமல் எழுந்து போய்விட்டாள்.

நான்கு நாள் கழித்து இரண்டாவது வரைவு வந்தது. கடல் இம்முறை எழுதியது அவளுடைய பாட்டிக்கு, அதாவது கடலை வாழ்நாளில் ஒரு முறைகூடப் பார்த்திராத என் மாமியாருக்கு. 'நீங்கள் என்னைப் பார்த்ததில்லை. ஆனால் நீங்கள் துணி அலசிக் கொட்டும் தண்ணீரை எனக்குத் தெரியும். அது வாய்க்காலில் இறங்கி, ஆற்றில் சேர்ந்து, பல நாள் நடந்து என்னிடம் வருகிறது. வரும்போது உங்கள் வீட்டுச் சோப்பின் வாசனை அதில் இருக்காது, ஆனால் சோப்பு இருக்கும்' என்று அது தொடங்கியது. செயற்கை இழைத் துணிகளை அலசும்போது கண்ணுக்குத் தெரியாத நூல் துணுக்குகள் கழன்று கடலுக்குப் போவதை அவள் எங்கோ படித்திருந்தாள். அதை விழுக்காடு எதுவும் இல்லாமல், பாட்டியின் புடவையிலிருந்து பிரிந்த ஒரு நூலாகவே எழுதியிருந்தாள். முதல் வரைவில் இருந்த எண்களில் ஒன்றுகூட இதில் இல்லை. என்னால் எழுதியிருக்க முடியாத கடிதம் அது என்பது இரண்டாம் வரியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு வாக்கியத்தில் எழுவாயும் பயனிலையும் பொருந்தவில்லை. "இதை உரக்கப் படித்துப் பார்" என்று மட்டும் சொன்னேன். படித்தவுடன் அவளே திருத்திக்கொண்டாள். பின்னர் கையால் சுத்தப்படி எழுதினாள். மூன்று தாள்கள் வீணாயின, நான்காவது சரியாக வந்தது.

அதே காலத்தில் மகன் செக் குடியரசின் லிடிட்சே கிராமத்தின் பெயரால் நடக்கும் குழந்தைகள் ஓவியக் கண்காட்சிக்கு வரைந்தான். 4 முதல் 16 வயது வரையுள்ளோர் பங்கேற்கலாம், கட்டணம் இல்லை. வரைவதற்கு முன்னால், அது ஏன் நடக்கிறது என்பதை அவனுக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்று எனக்குப் பட்டது. 1942 ஜூன் 10 அன்று நாஜிப் படையினர் அந்தக் கிராமத்தை அழித்தனர். ஆண்களைச் சுட்டுக் கொன்றனர். பெண்களை வதை முகாமுக்கு அனுப்பினர். குழந்தைகளில் 82 பேர் கொல்லப்பட்டனர். அக்குழந்தைகளின் நினைவாக 1967இல் தொடங்கிய கண்காட்சி, 1973 முதல் பன்னாட்டு அளவில் நடக்கிறது. ஒன்பது வயதுப் பிள்ளையிடம் இதை எவ்வளவு சொல்லலாம் என்று தயங்கித்தான் சொன்னேன். அவன், அந்தக் கிராமத்தில் 82 குழந்தைகள் வெண்கலச் சிலைகளாக நிற்கும் படத்தை வெகு நேரம் பார்த்துவிட்டு, தன் ஓவியத்தில் ஆட்களை மிகச் சிறியதாகவும் மரங்களை மிகப் பெரியதாகவும் வரைந்தான். தாளின் வலப்புறம் கையளவு இடம் வண்ணமே இல்லாமல் வெறுமையாக இருந்தது. "அங்கே?" என்று கேட்டேன். "அங்கே ஒன்றும் இல்லை" என்றான். அப்படியே அனுப்பினோம்.

அனுப்புவதில் சில செய்திகள் உண்டு. கெட்டியான சுவரொட்டி வண்ணம் பூசிய தாளைச் சுருட்டினால் காய்ந்த வண்ணம் வெடித்து உதிரும். ஆகவே இரண்டு கெட்டி அட்டைகளுக்கு இடையே தட்டையாக வைத்துக் கட்டினோம். பெயர், வயது, பள்ளி ஆகியவற்றைப் பென்சிலால் தாளின் பின்புறம் எழுதினோம். பேனாவால் அழுத்தி எழுதினால் முன்புறம் தடம் தெரியும். அனுப்பும் ஓவியம் திரும்பி வராது என்பதை அவனிடம் முதலிலேயே சொல்லி, நல்ல வெளிச்சத்தில் ஒரு புகைப்படம் எடுத்து வைத்துக்கொண்டோம். நுழைவு இலவசம் என்றாலும் வெளிநாட்டு அஞ்சல் செலவு நம்முடையதே. இணைய வழிப் போட்டிகளில் கடைசி நாளின் நள்ளிரவு எந்த நாட்டு நேரப்படி என்பதைப் பார்க்க வேண்டும். நாங்கள் எப்போதும் ஒரு வாரம் முன்னதாக ஒரு போலிக் கடைசி நாளைக் குறித்துக்கொள்கிறோம்.

கடிதம் நாட்டு அளவில் தேர்வாகவில்லை. ஓவியத்துக்கும் பரிசு இல்லை. மகன் ஒரு மாலை முழுவதும் பேசாமல் இருந்தான், மறுநாள் சரியாகிவிட்டான். மகள் அந்த ஆண்டு பரிசு பெற்ற கடிதத்தைத் தேடிப் படித்துவிட்டு, அது தன்னுடையதை விட எங்கே நன்றாக இருக்கிறது என்று எனக்குக் கால் மணி நேரம் விளக்கினாள். அவள் கடிதத்தின் நகலைப் பாட்டிக்கு உண்மையாகவே அஞ்சலில் அனுப்பிவிட்டாள் என்பது, மாமியார் தொலைபேசியில் அழைத்து, "கடல் எனக்குக் கடிதம் போட்டிருக்கிறதாமே, நான் பதில் எழுத வேண்டுமா?" என்று கேட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது.

அடுத்த போட்டிக்கான படிவத்தைப் போன வாரம் மகளே நிரப்பினாள். பேருந்துத் தாத்தாவைப் பற்றிப் புதிதாக எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று தெரியும். இன்னும் நான் படிக்கவில்லை. பெற்றோர் கையொப்பத்துக்கான கட்டத்தில் பென்சிலால் ஒரு சிறு புள்ளி வைத்து, படிவத்தை மட்டும் என்னிடம் நீட்டினாள்.